கட்டிலடி மோட்டார்

தேவாரத்தில் ஆறு கிடையாது. மேற்கே மலை நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் இறங்கி வரும், நாலு நாளில் மணலாகிவிடும். மற்றபடி கிணறுகள்தாம். பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் விட்டால் கண்மாய்களுக்குக் கொஞ்சம் உயிர் வரும். இப்படிப்பட்ட ஊரில் என் தகப்பனாருக்கு 'போட்டுக்காரர்' என்று பெயர். அவர் படகு ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே 1999-ல் அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டேன்.

அய்யா ஆயில் எஞ்சின் மெக்கானிக். கமலை போய் எஞ்சின் வந்த காலம் அது. லிஸ்டர், பீட்டர், பிறகு கிர்லோஸ்கர் என்று கிணற்று மேட்டுக்கு மேடு ஒரு தகரக் கொட்டகையும் அதற்குள் ஒரு இரைச்சலும் இருந்தன. சத்தத்தைக் கேட்டே இன்னார் தோட்டத்து எஞ்சின், இன்ன கோளாறு என்று அவரால் சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் சில வருஷம் மலைமேல் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தார். சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறிப் போவார். சாலை போட்டுத் தாருங்கள் என்று எங்கள் ஊர் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற அதே தடம்தான். தோட்டத்தில் ஜெனரேட்டர், பம்பு செட்டு இவற்றோடு, பக்கத்து ஏரியில் துரைமார் மீன்பிடிக்கப் போகிற ஒரு சின்னப் படகும் அதன் பின்பலகையில் திருகி மாட்டுகிற மோட்டாரும் அவர் பொறுப்பு. 1966-ல் ஒரு நாள் அந்த மோட்டார் காணாமல் போயிற்று. அய்யாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். போலீசுக்குப் போகவில்லை, சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, இனி மலையேற வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 1971-ல் அய்யா ஒரு சாக்குமூட்டையை லாரியிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தார். உள்ளே ஒரு படகு மோட்டார். 'வாங்கினது' என்றார். எங்கே, எதற்கு என்று சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், அவளும் சொல்லவில்லை. அஞ்சு வருஷம் எங்கேயோ புதைத்து வைத்திருந்து இப்போது எடுத்து வந்துவிட்டான் என்று ஊர் சொல்லிற்று. எனக்குப் பதின்மூன்று வயது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருவன் 'போட்டுக்காரர் மகன்' என்று கூப்பிட்டபோது அவனை அடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவுக்குத்தான் இந்தக் கட்டுரை. மற்றதெல்லாம் இயந்திர விவரம்.

மோட்டார் கட்டிலடியிலேயே இருந்தது. அய்யா அதை ஓட்ட முயன்று நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு, வெளியே இழுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து மறுபடி உள்ளே தள்ளிவிடுவார். அவருக்குப் பிறகு துடைக்கவும் ஆளில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டை ஒழித்தபோது பழைய இரும்புக்காரன் எடை போடக் கையை வைத்தான். ஏனோ, 'அதை வை' என்றேன்.

பொருள் என்ன என்று தெரிந்துகொள்வதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மேலே உருளையாக ஒரு பித்தளைத் தொட்டி. பெயிண்ட் உரிந்து, பெயர் எழுதியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. மூடி, உறை எதுவுமில்லாமல் திறந்து கிடக்கிற பிளைவீல். கயிற்றின் முடிச்சைச் செருகிச் சுற்றி இழுக்க அதில் ஒரு வெட்டு. ஒற்றை சிலிண்டர். அதிலிருந்து கீழே நீளமான ஒரு குழாய், குழாயின் கடைசியில் பல்சக்கரப் பெட்டி, புரொப்பெல்லர். ஒளித்துவைக்க ஒன்றுமில்லாத எஞ்சின். எலும்புக்கூடு மாதிரி எல்லாம் வெளியே தெரிந்தன. கார்புரேட்டரைத் துடைத்தபோது வில்லியர்ஸ் என்ற எழுத்து வந்தது. நட்டுகளில் என்னிடமிருந்த மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் உட்காரவில்லை. ஒன்று லொடலொடத்தது, அடுத்தது ஏறவே இல்லை. பரணிலிருந்த அய்யாவின் தகரப்பெட்டியை இறக்கினேன். லிஸ்டர் எஞ்சினுக்கென்று அவர் வைத்திருந்த விட்வொர்த் ஸ்பானர்கள். நட்டின் அகலத்தைக் குறிக்காமல் அதற்குள் போகிற போல்ட்டின் கனத்தைக் குறிக்கிற பழைய இங்கிலீஷ் அளவு. முதல் ஸ்பானரே கச்சிதமாகப் பிடித்தது. அந்த நிமிஷம்தான் இது இங்கிலாந்துச் சரக்கு என்பது கைக்குத் தெரிந்தது. தலைக்குத் தெரிந்தது பிறகுதான்.

அது பிரிட்டிஷ் சீகல். படகின் பின்னால் கழற்றி மாட்டுகிற மோட்டாரை வியாபாரப் பொருளாக்கி வெற்றி கண்டவர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஓல் எவின்ரூட், 1909-ல். அவர் பெயரில் வந்த மோட்டார் 2020-ல்தான் நின்றது. சீகல் அதற்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தது. 1931-ல் வுல்வர்ஹாம்டனில், சன்பீம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்து பேர் வாங்கிய மார்ஸ்டன் கம்பெனியில் பிறந்தது. முப்பதுகளின் கடைசிக்குள் டார்செட் கடலோரத்தில் பூல் என்ற ஊருக்கு இடம் மாறிற்று. யுத்தம் வந்ததும் கடற்படை ஆயிரக்கணக்கில் வாங்கியது. யாரும் ஓட்டலாம், எதிலும் மாட்டலாம், போனால் போகட்டும் என்று விடலாம் என்பதே அதன் தகுதி. யுத்தத்துக்குப் பிறகு உலகத்தின் சின்னத் துறைகளுக்கெல்லாம் பரவிற்று. 1996-ல் உற்பத்தி நின்றது. பெட்ரோலில் பத்துக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து குடிக்கும். நம் ஸ்கூட்டர்கள் ஐம்பதுக்கு ஒன்றில் ஓடியவை என்பதை நினைத்தால் அந்தப் புகையை ஊகிக்கலாம். தண்ணீரின் மேல் ஒரு நீல எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போவது அதன் கையெழுத்து. இதையெல்லாம் ரொமான்டிக்காக ஆக்க எனக்கு விருப்பமில்லை.

சீகலின் கிராங்க்கேஸில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். முன்னால் மாதிரியைக் குறிக்கும் எழுத்து, அப்புறம் வரிசை எண். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து கடைசியில் இன்னும் இரண்டு குறிகள் சேர்கின்றன: மாதத்துக்கு ஓர் எழுத்து, வருஷத்தின் கடைசி இலக்கம். கம்பெனி போய்விட்டாலும் இந்த எண்களின் அட்டவணைகளை இங்கிலாந்தில் ஆர்வலர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மருமகன் அதை அச்செடுத்து அனுப்பியிருந்தான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு விரல் அகலத்தை மட்டும் துடைத்தேன். உப்புத்தாள் போடவில்லை. போட்டால் எண்ணும் தேய்ந்து போகும் என்ற பயம். பிறகு ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன், சின்ன வயசில் காலணாவை வைத்துத் தேய்ப்போமே அப்படி. கடைசியில் வந்தது ஈ, அப்புறம் எட்டு.

ஐந்தாவது மாதம், 1968. எட்டு என்பது எழுபத்தெட்டாக இருக்க வழியில்லை. 1971-ல் அதைக் கட்டிலடியில் பார்த்தவன் நான். 1966-ல் ஏரியிலிருந்து காணாமல்போன மோட்டார் 1968-ல் செய்யப்பட்டிருக்க முடியாது. ஐந்து நிமிஷத்தில், ஒரு பென்சில் தேய்ப்பில், என் தகப்பனார் விடுதலையாகிவிட்டார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் வாரப் பத்திரிகைக் கதையாகிவிடும். அழவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட ஆளில்லை. குற்றம் சொன்னவர்களில் பெரும்பாலோர் செத்துப் போயிருந்தார்கள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் போடியிலுள்ள ஒரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் சின்ன வயசில் தூத்துக்குடியில் வேலை பார்த்தவர். பிஸ்டன் இறுகிக் கிடந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் ஊறப் போட்டு, மரக்கட்டை வைத்துப் பொறுமையாகத் தட்டித்தான் இளக்கினார். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற அறையைச் சுரண்டியபோது அடையடையாகத் துரு வந்தது. 'இது கடல்ல ஓடுன வண்டி சார். உப்புத் தின்ன இரும்பு இப்படித்தான் அடுக்கு விடும்' என்றார். கிராங்க்கேஸின் அலுமினியத்திலும் அதே அரிப்பு. பிறகு கீழ்ப்பகுதிக்கு வந்தார். பல்சக்கரப் பெட்டியைத் திறந்ததும் மோர் மாதிரி வெளுத்த எண்ணெய் வடிந்தது. இந்த மோட்டாரில் அது சகஜம். கெட்டி எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடக்கவே செய்யும். எண்ணெய்க்கு அடியில் மாவு போல ஒரு வண்டல். கேஸிங்கில் அரிப்பே இல்லை. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: 'மேல வேற, கீழ வேற சார். இது கடலையே பாக்கல.' அட்டவணையைப் புரட்டினேன். கீழே இருந்த பாகம் மேலே இருந்ததற்கு முந்தைய மாதிரிக்கு உரியது.

அதாவது இது ஒரு மோட்டார் இல்லை. இரண்டு. தலை 1968-ல் பிறந்து ஏதோ ஒரு கடல் துறையில், கொச்சியாக இருக்கலாம், உழைத்தது. கால் அதைவிட வயசானது; நல்ல தண்ணீரில், வண்டல் படிகிற ஓர் ஏரியில் உழைத்தது. எந்த ஏரி என்று எண்ணில் இல்லை. கால்பகுதிக்கு எண்ணே கிடையாது.

ஏடு பார்த்துப் பதிப்பிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. முதல் பாதி ஒரு பிரதியிலிருந்தும் பின் பாதி இன்னொன்றிலிருந்தும் வந்து, இடையில் ஒட்டுப்போட்ட கை யாருடையது என்று தெரியாமல் நிற்கிற சுவடிகள் எத்தனையோ. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-ல். அதே வருஷம்தான் எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தந்த பெரியாறு அணையின் வேலையும் தொடங்கிற்று. இரண்டும் ஒரே காரியம் என்று சொல்ல வரவில்லை. ஒன்றில் மேற்கே போகிற ஆற்றைக் கிழக்கே திருப்பினார்கள். மற்றதில் ஒரு பாட்டை அதன் சொந்தப் படுகைக்குத் திருப்ப முயன்றார்கள். பதிப்பாசிரியனுக்கு ஒரு தர்மம் உண்டு: பொருள் நன்றாக வருகிறது என்பதற்காக ஒரு பாடத்தை ஏற்கக்கூடாது. நன்றாக வருகிற பாடம் பின்னால் யாரோ திருத்தியதாக இருக்கலாம்.

என் முன்னால் மூன்று பாடங்கள் இருந்தன. முதலாவது: அய்யா 1966-ல் மோட்டாரை எடுத்தார், ஒளித்தார், தலை கெட்டுப்போனதும் வேறு தலை வாங்கி மாட்டினார். ஊரின் பாடம் இதுதான், அதற்குக் கால்பகுதி சாட்சி. இரண்டாவது: இரண்டு பாகங்களையும் காயலான் கடையில் தனித்தனியாக வாங்கி, கை சும்மா இராமல் பொருத்தினார். மூன்றாவது: மோட்டார் திருடே போகவில்லை. பின்பலகையில் அதைப் பிடித்திருக்கும் திருகு இளகினால் மோட்டார் ஓடும்போதே கழன்று தண்ணீரில் விழும். உலகமெங்கும் இந்த ஜாதி மோட்டார்களுக்கு நேர்கிற சாதாரண விபத்து இது. துரைமார் யாரோ விழவிட்டுச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கோடையில் ஏரி வற்றியபோது அது வெளியே வந்திருக்கும். பழைய சிநேகிதன் யாராவது அய்யாவுக்குச் சொல்லியிருப்பான். தலை துருவேறிச் செத்திருக்கும், கால் பிழைத்திருக்கும். அய்யா கொச்சிக்குப் போய்க் கைக்காசில் ஒரு தலை வாங்கி வந்து சேர்த்தார். எதற்கு? ஓடுகிற மோட்டாராகத் திருப்பிக் கொண்டுபோய் அந்தத் தோட்டத்தின் வாசலில் வைக்க. பிறகு வைக்காமலே விட்டார்.

மூன்றாவதை எழுதும்போது என் கை எவ்வளவு சரளமாக ஓடுகிறது என்பதை வாசகர் கவனித்திருப்பார். நானும் கவனித்தேன். வண்டலுக்குக் காரணம் சொல்கிறது, உப்புக்குக் காரணம் சொல்கிறது, ஆயுத பூஜைப் பொட்டுக்குக்கூடக் காரணம் சொல்கிறது. ஒரு மகன் கண்டுபிடிக்கிற பாடம் வேறு எப்படி இருக்கும்? பதின்மூன்று வயசில் ஊர் தந்த பாடத்தை விசாரணையில்லாமல் ஏற்றுக்கொண்டேன். அறுபது தாண்டி, எனக்கு வேண்டிய பாடத்தை அதே வேகத்தில் ஏற்றுக்கொள்ளத் துடிக்கிறேன். இரண்டிலும் அய்யாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்கலாம். இப்போது முடியாது.

மோட்டாரை என்ன செய்வது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. பட்டறைக்காரர், கீழ்ப்பகுதிக்குச் சரியான மாதிரியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வண்டி 'ஒரிஜினல்' ஆகிவிடும், பெயிண்ட் அடித்து வரவேற்பறையில் வைக்கலாம் என்றார். பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் ஒன்றல்ல. 1877-ல் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் காப்பாற்ற நினைத்தது இடிப்பவர்களிடமிருந்து மட்டுமல்ல, புதுப்பிப்பவர்களிடமிருந்தும்தான். நமக்கு உதாரணம் தேடி இங்கிலாந்து போக வேண்டியதில்லை. சுத்தம் செய்கிறோம் என்று கோயில் தூண்களில் மணலை வீசியடித்து, உளி விட்ட கோட்டையும் கல்வெட்டு எழுத்தையும் சேர்த்துத் தேய்த்ததைப் பார்த்தவர்கள்தாமே நாம். இந்த மோட்டாரில் 'ஒரிஜினல்' என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஒட்டுதான். இரண்டு எஞ்சின்களை ஒன்றாக்கிய இடத்தில், குழாயைப் பொருத்த அரம் போட்டுத் தேய்த்த கோடுகள் இருக்கின்றன. அவை பூலில் போட்ட கோடுகள் இல்லை, எங்கள் திண்ணையில் போட்டவை. அதைக் கழற்றச் சம்மதிக்கவில்லை.

எனவே ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்தோம். பாயிண்டை நயமான அரத்தால் சுத்தம் செய்தோம். செத்துப்போன கண்டன்சருக்குப் பதில் பழைய ஸ்கூட்டர் ஒன்றினுடையது. கார்புரேட்டர் துளையைத் தாமிரக் கம்பியின் ஒற்றை இழையால் குத்தி விட்டோம். கேஸ்கட்டை அட்டையில் வெட்டினோம். தொட்டியின் பச்சைக் களிம்பை அப்படியே விட்டோம். எண்ணின் மேல் எண்ணெய் தடவியதோடு சரி.

படகுக்கு எங்கே போவது? கிணற்று மேட்டில் பம்பு தண்ணீர் விழுகிற சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் ஒரு பலகையைக் கட்டி, அதில் மாட்டினோம். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். பதினேழாவது இழுப்பில் ஒரு தும்மல். இருபதுக்கு மேல் எண்ணவில்லை. சட்டென்று பிடித்தது. தொட்டித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி புரண்டு விளிம்பு தாண்டி வாழைக்குள் போயிற்று. நீலப்புகை தென்னை உயரத்துக்கு எழும்பியது. மயில்கள் கத்தின. ஏழெட்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் தடியூன்றி வந்து நின்றார். அய்யாவோடு மலைக்குப் போனவர்களில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். எண்பத்தைந்துக்கு மேலிருக்கும்.

'போட்டு மோட்டாராப்பா?'

'ஆமா பெரியப்பா.' பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். எண்ணைக் காட்டி, மாதம், வருஷம் எல்லாம் சொன்னேன். கீழ்ப்பகுதியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

'அவரு எடுக்கலங்கிறது தெரிஞ்சதுதானேப்பா. அப்பவே தெரியும்.'

'யாருக்கு?'

'எல்லாருக்குந்தான்.'

'பிறகு ஏன் அப்படிக் கூப்பிட்டீங்க?'

யோசித்தார். கேலியோ வருத்தமோ அவர் முகத்தில் தெரியவில்லை. 'ஊர்ல போட்டு கிடையாதுல்ல. பேரு நல்லா இருந்துச்சு. கூப்பிட்டோம்.'

அதுவும் ஒரு சாட்சியம்தான். அன்று திருடினார் என்று சொன்ன அதே ஊர் இன்று திருடவில்லை என்று சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தொட்டியருகே குனிந்து புரொப்பெல்லரை விரலால் தள்ளிச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'இன்னொருக்க இழு. நான் பாக்கல' என்றார்.

கயிற்றைச் சுற்றினேன்.